ஃபால்கன் என்றால் அரிவாளா?

4 ஜூன் 2022 | கேள்வி

ஃபால்கன் என்ற வேட்டைப் பறவையின் பெயர் லத்தீனில் அரிவாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, இறக்கை அரிவாள் போல வளைந்திருப்பதுதான் காரணம் என்று படித்தேன். உண்மையா? அப்புறம், தமிழில் இதற்கு என்னதான் பெயர்? ஓரிடத்தில் வல்லூறு, ஓரிடத்தில் ராஜாளி, இன்னோரிடத்தில் பைரி. டிவிக்காரர்களுக்கு எல்லாமே கழுகு. விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

4 ஜூன் 2022, இரவு

அரிவாள் சரி தம்பி. எதன் வளைவு என்பதில்தான் தகராறு. இறக்கை என்கிறார்கள், நகம் என்கிறார்கள், அலகு என்கிறார்கள். லத்தீனில் ஃபால்க்ஸ் என்றால் கதிர் அறுக்கும் அரிவாள், கொடி கழிக்கும் கத்தி இரண்டும்தான்.

ஆனால் ஃபெஸ்டஸ் என்ற பழைய ரோமானிய இலக்கணக்காரரின் அகராதிச் சுருக்கத்தில் வேறு மாதிரி இருக்கிறது. கால் பெருவிரல் உள்பக்கமாக அரிவாள் போல வளைந்திருப்பவர்களை ‘ஃபால்கோனெஸ்’ என்பார்களாம். அவர்கள் மனிதர்கள்! ஆக, அந்தக் குறிப்பை நம்பினால் ஃபால்கோ என்பது முதலில் கால் வளைந்த ஆளுக்கு வைத்த பட்டப்பெயராகக்கூட இருந்திருக்கலாம்.

5 ஜூன் 2022

நேற்று தூக்கத்தில் விட்டுவிட்டேன். பிளினி போன்ற பழைய ரோமானிய எழுத்தாளர்கள் இந்தப் பறவைகளை எல்லாம் ‘அக்சிபிட்டர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். ஃபால்கோ ஒரு பறவையின் பெயராகத் தலைகாட்டுவது ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தில், கி.பி. 4-ம் நூற்றாண்டை ஒட்டித்தான். அதனால் சிலர் அரிவாள் கதையையே ஏற்பதில்லை. வடக்கிலிருந்து வந்த ஜெர்மானிய இனத்தார் பறவையைப் பழக்கி வேட்டையாடுவதையும், அதற்கான சொல்லையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள், லத்தீன்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த அரிவாளோடு அதைப் பொருத்திக்கொண்டார்கள் என்பது அவர்கள் வாதம். அந்த ஜெர்மானியச் சொல்லுக்கும் இரண்டு வேர் சொல்கிறார்கள். ஒன்று ‘விழு’, இன்னொன்று மங்கிய சாம்பல் நிறம்.

‘விழு’ என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மேலே இருந்து மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் விழுகிற பறவைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பிடித்திருப்பது சான்று ஆகாது, தெரியும்.

5 ஜூன் 2022, சற்று நேரம் கழித்து

இன்னொன்றும் உண்டு. ரோமானியக் கவிஞர் வெர்ஜிலுக்கு உரை எழுதிய செர்வியஸ், இத்தாலியின் கபுவா நகரத்தின் பெயரே இந்தப் பறவையால் வந்தது என்கிறார். எட்ரஸ்கர்கள் என்ற பழைய இத்தாலிய இனத்தார் அந்த ஊரை நிறுவும்போது ஃபால்கன் சகுனமாகத் தென்பட்டதாம். அவர்கள் மொழியில் அதன் பெயர் ‘கபிஸ்’. ஊர்ப்பெயருக்குக் கதை கட்டுவது நம் தலபுராணக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

7 ஜூன் 2022

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: “பெரிகிரின் என்றால் என்ன?”

ஃபால்கன்களில் ஒரு வகைக்கு அந்தப் பெயர். பொருள்: அந்நியன், ஊர்விட்டு ஊர் போகிறவன். ரோமச் சட்டத்தில் ‘பெரிகிரினஸ்’ என்றால் சுதந்திரமானவன், ஆனால் ரோமக் குடியுரிமை இல்லாதவன். பறவைக்கு இந்தப் பெயர் வந்தது ஊர் சுற்றுவதால் என்று எல்லோரும் எழுதுவார்கள். நான் அதில் ஒரு சொல்லைக் கூட்டுவேன்: ஊர் சுற்றும்போது பிடிபட்டதால்.

பழக்குகிறவர்களுக்குப் பறவை இரண்டு வழியில் கிடைக்கும். பாறை உச்சியில் கூட்டிலிருந்து குஞ்சை எடுத்து வரலாம், அல்லது வலசை போகிற இளம் பறவையை வலையில் பிடிக்கலாம். பெரிகிரினின் கூடு எட்டாத செங்குத்துப் பாறையில் இருக்கும். கைக்குக் கிடைத்ததெல்லாம் வழியில் பிடித்ததுதான். ஆகவே ‘வழிப்போக்கன்’. 13-ம் நூற்றாண்டில் ஆல்பர்ட்டஸ் மாக்னஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் எழுதியபோதே பெயர் இருந்தது. 1771-ல் இங்கிலாந்துக்காரர் டன்ஸ்டால் அதையே அறிவியல் பெயர் ஆக்கினார். இந்தப் பறவைகளின் பெயர்களில் பெரும்பாலானவை வலையோடு காத்திருந்தவன் வாயிலிருந்து வந்தவை என்பது என் கட்சி. இந்த இழை முழுக்க இதையேதான் சொல்லப்போகிறேன், சலிப்பவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம்.

7 ஜூன் 2022, இரவு

என் கட்சிக்கு ஆகச் சிறந்த சாட்சி நம் பக்கத்துப் பறவைதான். இந்தியாவிலும் இலங்கையிலும் மலைப்பாறைகளில் கூடு கட்டும் பெரிகிரின் வகைக்கு ‘ஷாஹீன்’ என்று பெயர். மேலே கரிய நிறம், அடிவயிறு செம்பழுப்பு. சிகிரியா பாறைக்குப் போகிற பறவை நோக்கர்கள் சுவரோவியத்தை விட்டுவிட்டு இதைத்தான் அண்ணாந்து தேடுவார்கள். அறிவியல் பெயரில் கடைசிச் சொல் ‘பெரிகிரினேட்டர்’, அதாவது பெரும் ஊர்சுற்றி. ஆனால் இது வலசையே போகாது! பிறந்த மலையை ஒட்டியே வாழ்ந்து முடிக்கும்.

பிறகு ஏன் அந்தப் பெயர்? 1837-ல் சுவீடன்காரர் சுண்டேவால் விவரித்த பறவை ஒரு குஞ்சுப்பருவம் தாண்டிய இளசு. இலங்கைக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கடலில் போன கப்பலில் பிடிபட்டது. கரையே தெரியாத இடத்தில் கிடைத்த பறவையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வழி தவறிய ஒன்றின் பெயர் வீட்டோடு இருக்கிற இனம் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது.

11 ஜூன் 2022

ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் முதலாளியின் பண்ணைவீட்டுக்கு ஏ.சி. வேலையாக அடிக்கடி போவேன். மனிதர்கள் தங்கும் அறைகளைவிடப் பறவைகள் இருந்த அறையில்தான் குளிர் சரியாக இருக்கவேண்டும். பறவைகளைப் பார்த்துக்கொண்டவர் பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர், நாங்கள் ‘உஸ்தாத்’ என்போம். எனக்கு அரைகுறை இந்தி, அவருக்கும் அரைகுறை இந்தி, அதனால் பேச்சு நன்றாக ஓடியது.

“இது என்ன பறவை?” என்றேன். “ஹுர்” என்றார். பக்கத்தில் சிறியது, கறுப்பு மீசை வைத்தது. “ஷாஹீன்.” நான் இரண்டையும் ஃபால்கன் என்றதும் சிரித்தார். “அது இங்கிலீஷ்காரன் பேச்சு. ரொட்டி, சோறு இரண்டையும் சாப்பாடு என்று சொல்கிற மாதிரி.”

ஹுர் என்றால் அரபியில் சுதந்திரமானது. கண்ணைக் கட்டிக் கையில் உட்கார வைத்திருக்கும் பறவைக்கு அந்தப் பெயர். கண்மறைக்கும் தோல் முகமூடிக்குப் பெயர் ‘புர்கா’தான், நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்கவேண்டாம். ஹுர் என்பது சேக்கர் ஃபால்கன். சேக்கர் என்பதே அரபியின் ‘ஸக்ர்’ தான், அதன் பொருள் பொதுவாக வேட்டைப் பறவை. ஷாஹீன் பாரசீகச் சொல், ‘ஷா’ என்ற அரசனோடு சேர்த்து விளக்குவார்கள்.

உஸ்தாத் சொன்ன இன்னொன்று. அந்தக் காலத்துப் பாலைவன பதூயின்கள் இலையுதிர் காலத்தில் வலசை வரும் பறவையைப் பிடிப்பார்கள், சில வாரங்களில் பழக்குவார்கள், குளிர்காலம் முழுக்க ஹூபாரா என்ற பறவையை வேட்டையாட வைப்பார்கள், வெயில் ஏறும்போது விட்டுவிடுவார்கள். கோடையில் அதற்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. அடுத்த ஆண்டு வேறு பறவை. ஆக ‘சுதந்திரமானது’ ஓரளவு நியாயமான பெயர்தான் போல.

இப்போது அதெல்லாம் இல்லை. எமிரேட்ஸில் பறவைக்குப் பாஸ்போர்ட் தருகிறார்கள், அபுதாபியில் தனி மருத்துவமனையே இருக்கிறது. எனக்கு விசா புதுப்பிக்க அலைந்த அலைச்சலில் அந்தப் பறவைகள்மேல் எனக்கு ஒரு பொறாமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

12 ஜூன் 2022

தம்பி மறுபடி கேட்கிறார், “தமிழ்ப் பெயர் என்னாச்சு அண்ணே?” வருகிறேன்.

பைரி: இது உருது ‘பஹ்ரி’. அரபியில் பஹ்ர் என்றால் கடல். கடற்கரையோரம் வந்து சேரும் பெரிகிரினுக்கு வட இந்திய வேட்டைக்காரர்கள் சொன்ன பெயர். லத்தீனில் அந்நியன், உருதுவில் கடல்காரன். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

வைரி: இன்று நம் பறவை நோக்கர்கள் இதை ஷிக்ரா என்ற சிறு பருந்து வகைக்குச் சொல்கிறார்கள். வைரி என்றால் பகைவன் என்ற பொருளும் உண்டு, கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களைக் கேட்டால் பொருத்தம் என்பார்கள். பைரிதான் வாய்மாறி வைரி ஆயிற்று என்பது என் ஊகம். ஊகம்தான், சண்டைக்கு வரவேண்டாம்.

ராஜாளி: கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. அரக்கோணம் கடற்படை விமானதளத்துக்கு 1992-ல் இந்தப் பெயர்தான் வைத்தார்கள். தஞ்சைப் பக்கம் ராஜாளியார் என்ற பட்டமும் உண்டு. ஆனால் பறவை நூல்களில் இராசாளி என்பது போனெல்லிக் கழுகு, ஃபால்கனே அல்ல. பேச்சில் எது பெரியதோ, எது ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறதோ, அது ராஜாளி.

வல்லூறு: இதுவும் ஷிக்ராவுக்கும் உண்டு, ஃபால்கனுக்கும் உண்டு. இப்போது பெரிகிரினைப் பொரி வல்லூறு என்று எழுதுகிறார்கள். நான் இதற்கே ஓட்டுப் போடுவேன். ‘வல்’ என்ற ஒலியே போதும்.

12 ஜூன் 2022, பிற்பகல்

எழால் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லையே! குறுந்தொகை 151-ம் பாட்டு. எழால் பாய்ந்ததும் தன் ஆண்பறவையைக் காணாமல் செங்கால் பேடை குழல் போன்ற குரலில் விட்டுவிட்டுக் கத்துகிறது. உரைகாரர்கள் எழால் என்பதற்குப் புல்லூறு என்ற வேட்டைப் பறவை என்பார்கள். இது ஃபால்கனா, ஷிக்ராவா என்று பாட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கவனியுங்கள், இந்தப் பாட்டில் பறவையைக் கையில் வைத்திருக்கும் ஆள் யாரும் இல்லை. கத்துவது பேடை, கேட்பது வழியில் போகிறவன். எழால் என்றால் யாழுக்கும் பெயர் என்பது வேறு கதை.

13 ஜூன் 2022

கண்டனம் வந்திருக்கிறது: “பறவையை வைத்து வேட்டையாடுவது முகலாயர் கொண்டுவந்தது. அதனால்தான் பைரி, ஷாஹீன் எல்லாம் உருது.”

சொல் வந்த வழி அதுதான். வேட்டை வந்த வழி அது மட்டும் அல்ல. கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேஸ்வரன் 12-ம் நூற்றாண்டில் எழுதிய மானசோல்லாசத்தில் இந்த வேட்டைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பாபர் வருவதற்கு 400 ஆண்டு முன்னால். இமயத்தின் குமாவோன் மலையில் ருத்ரதேவன் என்ற அரசன் இதற்கென்றே சமஸ்கிருதத்தில் சியைனிக சாஸ்திரம் என்று தனி நூல் எழுதியிருக்கிறான். விஜயநகரத்தில் சாளுவ நரசிம்மனுடைய வம்சப் பெயரும் வேட்டைக்குப் பழக்கும் பறவையைக் குறிப்பதுதான் என்பார்கள். சாளுவம் என்ற சொல் நம்மிடம் ஏன் புழங்காமல் போயிற்று என்று யோசிக்கிறேன். பிடிக்கிறவன் எந்த மொழி பேசினானோ அந்த மொழிப் பெயர் கடைசியில் நின்றது, அவ்வளவுதான் தோன்றுகிறது.

13 ஜூன் 2022, இரவு

மொழிக் குழப்பம் நமக்கு மட்டும்தான் என்று தம்பி வருந்தவேண்டாம். அறிவியல் பெயர்களைப் பாருங்கள்.

சேக்கர்: ஃபால்கோ செருக். செருக் என்பது இந்தி ‘சர்க்’. லக்கர் ஃபால்கன்: ஃபால்கோ ஜக்கர். வேட்டைக்காரர்கள் பேச்சில் பெண்பறவை லக்கர், ஆண்பறவை ஜக்கர். அதாவது பொதுப்பெயர் பெண்ணுடையது, அறிவியல் பெயர் ஆணுடையது! இரண்டுக்கும் 1834-ல் லண்டனில் பெயர் வைத்தவர் ஜான் எட்வர்ட் கிரே, ஜெனரல் ஹார்ட்விக் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஓவியங்களைப் பார்த்து. அடியில் எழுதியிருந்த இந்திப் பெயரையே எடுத்துப் போட்டுவிட்டார்.

செந்தலை வல்லூறு இன்னும் வேடிக்கை. ஃபால்கோ சிக்குவெரா. ‘ஷிகார்’ என்ற வேட்டைச் சொல்லின் குடும்பம், ஷிக்ராவும் அதே குடும்பம். உள்ளூரில் அதற்கு ‘துருமதி’ என்று பெயர் இருந்தும், பெயர் வைத்த பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்தது இதுதான்.

16 ஜூன் 2022

வேறொருவர் எழுதுகிறார்: “பருந்தும் ஃபால்கனும் ஒரே குடும்பம்தானே, பெயரில் என்ன பெரிய வித்தியாசம்?”

நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன். 2008-ல் வெளியான பெரிய மரபணு ஆய்வு அதைக் கவிழ்த்துப் போட்டது. ஃபால்கன்களுக்கு நெருங்கிய சொந்தம் பருந்தும் கழுகும் அல்ல, கிளிகளும் சிட்டுக்குருவி வகைப் பாடும் பறவைகளும்! 2014-ல் முழு மரபணுத்தொகை ஆய்விலும் அதுவே வந்தது. கொக்கி அலகும் கூர்நகமும் இரு குடும்பங்களிலும் தனித்தனியே வந்தவை.

கிட்டத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஃபால்கனின் மேல் அலகில் நுனிக்குச் சற்று உள்ளே பல் மாதிரி ஒரு முனை இருக்கும். இரையின் கழுத்தைக் கடித்து முறிக்க அது. பருந்து வகைகள் பெரும்பாலும் காலால் நெரித்தே கொல்லும். உஸ்தாத் புறாத் துண்டை நீட்டும்போது அந்தப் பல்லைக் காட்டுவார், கையுறை போட்ட கை என்பதால் தைரியமாக. எனக்குக் கையுறை தரவில்லை.

16 ஜூன் 2022, அதே இரவு

கிளிக்கு அண்ணன். இதை வீட்டில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

20 ஜூன் 2022

ஆண், பெண் விஷயத்தைத் தொட்டதால் இதையும் போட்டுவிடுகிறேன். ஐரோப்பிய வேட்டைப் பறவைக்காரர்கள் கறாராகப் பேசினால் ஃபால்கன் என்றால் பெண் மட்டும்தான். ஆணுக்கு ‘டெர்சல்’ என்று தனிப்பெயர். லத்தீனில் மூன்றாவது என்ற சொல்லிலிருந்து வந்தது. பெண்ணைவிட ஆண் மூன்றில் ஒரு பங்கு சிறியது என்று ஒரு விளக்கம், மூன்றாவது முட்டையில்தான் ஆண் பிறக்கும் என்று ஒரு பழைய நம்பிக்கை. பெரிய இரையை அடிப்பது பெண் என்பதால் இனத்தின் பெயரே அவளுக்குப் போயிற்று. இதுவும் வலைக்காரன் கணக்குதான், எதற்கு விலை அதிகமோ அதற்குப் பெயர்.

27 ஜூன் 2022

ஒருவர் அமூர் ஃபால்கனைப் பற்றி எழுதச் சொன்னார். அமூர், ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவே ஓடும் ஆறு. பறவை அந்தப் பக்கத்தில் குஞ்சு பொரித்து, நாகாலாந்து வழியாக வந்து, அரபிக்கடலைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் தெற்கே குளிர்காலத்தைக் கழிக்கும். புறா அளவுகூட இருக்காது.

2012-ல் நாகாலாந்தின் தொயாங் நீர்த்தேக்கத்தருகே இவற்றை வலைகட்டி லட்சக்கணக்கில் பிடித்துத் தின்றதும் விற்றதும் படத்தோடு வெளிவந்தது. அடுத்த ஆண்டே பாங்தி உள்ளிட்ட கிராமத்தார் கூடிப் பேசி நிறுத்திவிட்டார்கள். சட்டம் ஏற்கெனவே இருந்தது, நிறுத்தியது கிராமம்தான். 2013 நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். வைத்த பெயர்கள் நாகா, பாங்தி, வோக்கா. கடைசி இரண்டும் முந்தின ஆண்டு வலை கட்டிய ஊரும் மாவட்டமும். பிடித்தவன் பெயர் பறவைக்கு வருவது என் கட்சிக்குச் சாதகமா, பாதகமா? இங்கே பிடித்தவன் விட்டுவிட்டான். இந்த இடத்தில் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, ஆடட்டும்.

3 ஜூலை 2022

துப்பாக்கிக்காரர்களும் இந்தப் பெயர்களை விடவில்லை. 16-ம் நூற்றாண்டுச் சிறு பீரங்கிகளுக்கு ஃபால்கன், ஃபால்கனெட், சேக்கர் என்றே பெயர். ‘மஸ்கெட்’ என்ற துப்பாக்கிப் பெயரும் சிறு வேட்டைப் பறவை ஒன்றின் பெயரோடு தொடர்புள்ளதுதான், அதற்கும் பின்னால் போனால் இத்தாலியில் ‘ஈ’ என்ற சொல்லில் போய் நிற்கும். ஈயிலிருந்து துப்பாக்கி வரை.

3 ஜூலை 2022, இரவு

கால்பந்து ரசிகர்களுக்காக ஒன்று, அப்புறம் நான் கிளம்புகிறேன். மேசைமேல் விரலால் சுண்டி விளையாடும் பொம்மைக் கால்பந்து ‘சப்பியூட்டியோ’. 1940-களில் அதை உருவாக்கிய இங்கிலாந்துக்காரர் பீட்டர் அடால்ஃப் ஒரு பறவைப் பித்தர். தன் விளையாட்டுக்கு ‘ஹாபி’ என்று பெயர் வைக்க விண்ணப்பித்தார். ஹாபி என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல, சிறிய ஃபால்கன் ஒன்றின் பெயரும்கூட. பொதுச்சொல்லைப் பதிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் அந்தப் பறவையின் அறிவியல் பெயர் ஃபால்கோ சப்பியூட்டியோவில் பின்பாதியை எடுத்து வைத்தார், உடனே கிடைத்துவிட்டது. இப்போது நான் அந்தப் பறவையின் படம் வேண்டும் என்று தேடினால் முதலில் வருவது மூன்று பாக்கெட் பொம்மை வீரர்களும் ஒரு பச்சைத் துணியும்.